வீட்டுப் பாதுகாப்பும் ஆயுத உரிமமும்

களவு, கொள்ளை ஆகியவற்றிலிருந்து வீட்டையும் உடைமையையும் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குத் தமிழகத்தில் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் இருந்துள்ளன. ஊர்க் காவல்காரர்கள் செய்துவந்த இப்பணி 19ஆம் நூற்றாண்டில் அரசின் கைக்கு மாறியது. குடிமக்கள் ஆயுதம் வைத்திருப்பதும் அதே நூற்றாண்டில் அரசின் அனுமதிக்கு உட்பட்டது.

பாடிகாவலும் தேசகாவலும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ ஒரு வரியாகக் குறிக்கப்படுகிறது. பிற்காலத்தில் தனி ஊரைக் காப்பது பாடிகாவல் என்றும், பல ஊர்களையும் வழிகளையும் காப்பது தேசகாவல் என்றும் வழங்கின. தேசகாவல் பாளையக்காரர்களின் உரிமையாக இருந்தது. காவலுக்கு ஈடாகக் குடிகள் தானியமாகவோ பணமாகவோ கொடுத்தனர். களவுபோன பொருளை மீட்டுத் தருவது அல்லது அதன் மதிப்பை ஈடுசெய்வது காவல்காரரின் கடமை. ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றுடன் துப்பாக்கிகளும் பாளையங்களில் இருந்தன.

இம்முறையில் குறைகளும் இருந்தன. காவல் பணம் தராத ஊர்களில் காவல்காரர்களே களவுக்குத் துணைபோனதாகப் புகார்கள் எழுந்தன.

ஆயுதப் பறிப்பு

பாளையக்காரர் கிளர்ச்சிகளை அடக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி 1801 டிசம்பர் 1 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதன்படி பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. பின்னர் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்தில் மாவட்டக் காவல் துறை உருவானது.

பழைய காவல்காரர்களின் நிலை தலைகீழாக மாறியது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, காவல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பிறமலைக் கள்ளர் சமூகமே அதன் பிடியில் சிக்கியது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

உரிமை உண்டு, கருவி இல்லை

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் தற்காப்பு உரிமையை ஏற்றது. இரவில் வீட்டை உடைத்து நுழைபவரைத் தடுக்கும்போது அவருக்கு மரணம் நேர்ந்தாலும், வரம்புகளுக்கு உட்பட்டு, அது குற்றமாகாது என்றது. ஆனால் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு இதிலிருந்து விலக்கு தரப்பட்டது. இந்தியரில் குறிப்பிட்ட சில வகையினர் மட்டுமே விலக்குப் பெற்றனர். ஒரே வகைக் கொள்ளைக்கு அஞ்சிய இரு வீடுகளில், எதில் துப்பாக்கி இருக்கலாம் என்பதை இனமும் தகுதியும் முடிவு செய்தன.

1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 1930இல் காந்தியடிகள் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் ஒன்று, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதாகும். அகிம்சையைப் போதித்தவரே இதைக் கேட்டது, இச்சட்டம் தந்த அவமதிப்பின் அளவைக் காட்டுகிறது. 1931இல் கராச்சி மாநாடு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது.

விடுதலைக்குப் பின்

அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி.காமத் இவ்வுரிமையைச் சேர்க்கக் கோரினார். அனைவருக்கும் இதை அளித்தால் குற்றம் புரிபவர்களும் உரிமை கோருவர் என்று அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. இனப் பாகுபாடு இல்லை என்றாலும் உரிமம் தொடர்ந்தது. தற்காப்புக்காகக் கேட்கப்படும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலும் வரியில்லாத உட்புறமும் கொண்ட துப்பாக்கிக்கு இச்சட்டம் தனி வழி வகுத்தது. பிற துப்பாக்கிகளுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பு 2019இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. தற்காப்பு உரிமையோ 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் நீடிக்கிறது.

களவுபோனதற்குக் காவல்காரர் ஈடுசெய்யும் பழைய கடமை மட்டும் புதிய முறையில் இடம்பெறவில்லை. காவல் பணி அரசுக்கு மாறியபோது, இழப்பைத் தாங்கும் பொறுப்பு வீட்டாரிடமே தங்கிவிட்டது.