காயலான் கடைத் தராசில் பிளாஸ்டிக்

பழைய பொருள்களை எடைக்கு வாங்கி விற்கும் கடைக்குச் சென்னையில் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்திலிருந்து வந்த வணிகர்கள் இந்தத் தொழிலில் முன்னோடிகளாக இருந்ததால் அப்பெயர் நிலைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்கள்தான் இத்தொழிலின் முதல் கண்ணி. ஓட்டைச் சட்டியும் உடைந்த கரண்டியும் குப்பைமேட்டுக்குப் போகாமல் உலைக்களத்துக்குப் போனது அவர்களால்தான். பிளாஸ்டிக் நம் வீடுகளுக்குள் நுழைந்தபோது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கைகள் இப்படி ஏற்கெனவே தெருவில் இருந்தன. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் மறுசுழற்சியைத் தொடங்கிவைத்தது அரசாணை எதுவும் அல்ல, இந்தத் தராசுதான்.

இந்தியாவில் பாலிஸ்டைரீன் உற்பத்தி 1957இல் தொடங்கியது. 1959இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் பாலித்தீன் ஆலை வந்தது. 1960களில் மேட்டூரில் பி.வி.சி. தயாரானது. பித்தளைக் குடத்தின் கனமும் மண்குடத்தின் உடையும் குணமும் இல்லாத பிளாஸ்டிக் குடம், தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் அன்று அது மலிவான பண்டம் இல்லை. குடம் விரிசல் விட்டால் தெருவில் வரும் ஒட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வேறொரு பிளாஸ்டிக் துண்டை உருக்கி விரிசலின் மேல் இழைத்துத் தருவார். சிவப்பு வாளியில் பச்சைத் தழும்பு அக்கால வீடுகளில் வெகு சாதாரணம். ஒட்டவே முடியாது என்றான பிறகுதான் வாளி தராசுக்குப் போனது. ஆவின் பால் கவர்களைக் கூடக் கழுவிக் காயவைத்து, கட்டாகச் சேர்த்து எடைக்குப் போட்ட வீடுகள் ஏராளம்.

கடைக்கு வந்த பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பது தனிக் கலை. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து உருகாது. பெட் பாட்டில் குவியலில் சிறிதளவு பி.வி.சி. கலந்தாலும் மொத்தச் சரக்கும் கெட்டுவிடும். இதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. ஒரு தொட்டித் தண்ணீரே போதும். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை, மிதக்கும். பெட், பி.வி.சி. இரண்டும் மூழ்கும். சந்தேகம் தீராவிட்டால் ஓரத்தில் தீ வைத்துப் பார்ப்பார்கள். பாலித்தீன் மெழுகுவத்தி வாசத்தோடு சொட்டுச் சொட்டாக எரியும். நைலான் முடி பொசுங்குவதுபோல நாறும். பி.வி.சி. மூக்கை அரிக்கும் புகை விட்டு, தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும். அந்தப் புகையில் இருப்பது ஹைட்ரஜன் குளோரைடு. கையுறையோ முகமூடியோ இல்லாமல் அதை முகர்ந்தே பொருளை அடையாளம் கண்டவர்களின் நுரையீரல்தான் இத்தொழிலின் எழுதப்படாத கணக்கு.

பிரித்த சரக்கைக் கழுவி, அரைத்து, உருக்கி, நூல்போல இழுத்துத் துண்டாக்கினால் குருணை கிடைக்கும். அதுதான் அடுத்த பொருளுக்கு மூலம். ஒவ்வொரு முறை உருகும்போதும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுவதால் வலு குறைகிறது. நிறமும் அப்படித்தான்: வெள்ளையை எந்த நிறமாகவும் மாற்றலாம், பல நிறம் கலந்ததைக் கறுப்பாக மட்டுமே ஆக்க முடியும். நாற்றுப் பைகளும் மலிவான குழாய்களும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. மறுசுழற்சிப் பையில் உணவுப்பொருள் வைக்கக் கூடாது என்று 1999இல் மத்திய அரசு விதி வகுத்தது.

புதுப் பாலித்தீனுக்குக் கச்சா எண்ணெயோ இயற்கை எரிவாயுவோ தோண்டி எடுக்க வேண்டும். அதை மிக உயர்ந்த வெப்பத்தில் பிளந்து எத்திலீன் ஆக்கி, அந்த எத்திலீனைக் கோத்துப் பாலித்தீன் ஆக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்கில் இந்த வேலை எல்லாம் முடிந்திருக்கிறது. கழுவவும் உருக்கவும் ஆகும் செலவே செலவு. சுற்றுச்சூழலுக்கான ஆதாயமும் வியாபாரியின் இலாபமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதால்தான் மானியம் எதுவுமின்றி இத்தொழில் இத்தனை காலம் ஓடியது. இதே காரணத்தால் கச்சா எண்ணெய் விலை இதை ஆட்டிவைக்கவும் செய்கிறது. 2014இன் பிற்பகுதியில் அவ்விலை சரிந்தபோது புதுப் பிளாஸ்டிக் மலிந்தது, பழையதைக் கேட்பார் குறைந்தனர்.

தராசை உண்மையில் தோற்கடித்தது மெல்லிய உறை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடி. பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஷாம்பு எட்டியது அதனால்தான். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் காலி பாக்கெட் ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பல அடுக்குப் படலங்கள் ஒட்டிய உறையாக இருந்தால் பிரித்து உருக்கவும் வழியில்லை. விலை இல்லாததை யார் குனிந்து எடுப்பார்கள்? கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலைகள் உயர்ந்ததில் இந்த உறைகளுக்கும் கேரி பேக்குகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

அந்த மெல்லிய கழிவுக்கு மதுரையில் ஒரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது. தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், சூடாக்கிய சரளைக் கல்லின்மீது பிளாஸ்டிக் துருவலைத் தூவினார். சுமார் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகி, கல்லைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்தது. அதன்மேல் தார் இறுகப் பற்றியதால் மழைநீர் உள்ளே புகும் வழி அடைபட்டது. ஒரு கிலோமீட்டர் ஒற்றைத் தடச் சாலைக்குச் சுமார் 10 டன் தார் தேவை. அதில் ஒரு டன்னைப் பிளாஸ்டிக் ஈடுசெய்தது. 2002இல் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் இம்முறையில் சாலை போடப்பட்டது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெட் பாட்டிலுக்கோ துணி வழியாகக் கதி பிறந்தது: அதை உருக்கி நூற்றால் பாலியஸ்டர் இழை. இன்று கரூரில் பாட்டிலிலிருந்து ஆடை தயாராகிறது.

சட்டம் பின்னால் வந்தது. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரின் பங்கைப் பெயர்சொல்லி ஏற்றன. உறையை விற்ற நிறுவனமே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதை அதே ஆண்டின் பிளாஸ்டிக் விதிகள் வலியுறுத்தின. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை விதித்தது.

உலகம் 2015 வரை உண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 விழுக்காடே மறுசுழற்சிக்குப் போனதாக 2017இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. எந்த இயந்திரம் வந்தாலும் முதல் வேலை பிரிப்பதுதான், அது வீட்டுச் சமையலறையிலேயே நடக்க வேண்டிய வேலை. குழம்பும் சோறும் ஒட்டிய கவரை எந்தக் காயலான் கடையும் தராசில் ஏற்றுவதில்லை.