கையொப்பத்தின் வடிவும் விசையும்: கட்டண அட்டை மோசடித் தடுப்பில் கையொப்பச் சரிபார்ப்பின் வரலாறு

தமிழில் 'கையெழுத்து' என்னும் சொல் ஒருவர் எழுதும் பாங்கையும், அவர் ஆவணத்தின் கீழ் இடும் ஒப்பத்தையும் ஒருங்கே குறிக்கிறது. 'கையொப்பம்' என்பதிலுள்ள 'ஒப்பு' என்னும் அடியோ உடன்படுதல், ஒத்திருத்தல் ஆகிய இருபொருளையும் தரும். கடன் அட்டை பரவிய காலத்தில் இவ்விரு பொருளும் தனித்தனியே பிரிந்தன. கடைகளில் உடன்பாடு தவறாமல் பெறப்பட்டது. ஒத்திருக்கிறதா என்று நோக்குவது பெயரளவிலேயே நடந்தது. அந்த இடைவெளியை இயந்திரத்தால் நிரப்ப மேற்கொள்ளப்பட்ட முயற்சியே பயோமெட்ரிக் கையொப்பச் சரிபார்ப்பு. அது ஆய்வகத்தில் கணிசமாக வென்றும் கடையில் இடம்பெறாமல் போனதன் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாதிரி இருக்கும் இடம்

கையெழுத்தை ஒப்புநோக்கி வழக்குத் தீர்க்கும் காட்சி பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் உண்டு. சுந்தரர் தமக்கு அடிமை என வாதிடும் முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை என்றும் மூலஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறும் முதியவர், அதனைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுகிறார். அவையோர் அதனை அப்படியே ஏற்கவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் அருகருகே வைத்து நோக்கிய பின்னரே முடிவு கூறுகின்றனர். இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஒப்புநோக்குவதற்கான மாதிரி வழக்கிட்டவரின் கையிலிருந்து வரவில்லை. பாதுகாப்பான வேறோர் இடத்திலிருந்து வந்தது.

காசோலை வழக்கமும் இதே அமைப்பையே பின்பற்றியது. வாடிக்கையாளரின் மாதிரிக் கையொப்பம் வங்கிக் கிளையில் இருக்கும்; காசோலையைத் திருடியவன் அதனைக் காண வழியில்லை. கடன் அட்டை இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. அட்டையின் பின்புறத்தில் ஒரு பட்டை. அதில் உரியவரின் கையொப்பம். கடைக்காரர் விற்பனைச் சீட்டில் பெறும் கையொப்பத்தை அதனுடன் ஒப்பிட வேண்டும். அட்டை களவுபோனால் மாதிரியும் உடன்போகும். திருடன் அதனைப் பார்த்துப் பழகலாம். கையொப்பம் இடப்படாத புதிய அட்டை அஞ்சலில் களவுபோனால் பழகவும் வேண்டியதில்லை. தன் கையாலேயே மாதிரியை இட்டுக்கொள்ளலாம். பட்டையை அழித்தால் தெரியும்படி அச்சிடும் முறை வந்ததும் இந்தக் குறையின் ஒரு கூறுக்கே மருந்தாயிற்று.

1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப்பின் முதல் அட்டைகள் வெறும் தடித்த காகிதத்தாலானவை. உறுப்பினர் சிலர், உணவகங்கள் சில. ஆளறிமுகமே பெரும் காவல். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 அட்டைகளைக் கேளாமலேயே அஞ்சலில் அனுப்பியபோது நிலைமை மாறியது. திட்டம் மாநிலமெங்கும் விரிந்தபோது நிலுவை, எதிர்பார்த்த 4 விழுக்காட்டைக் கடந்து 22 விழுக்காட்டை எட்டியது. மோசடியும் அதனுடன் பெருகியது. கேளாமல் அட்டை அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் 1970இல் தடைசெய்தது. அட்டை களவுபோனால் உரியவர் ஏற்கவேண்டிய இழப்புக்கு 50 டாலர் உச்சவரம்பும் அப்போதே விதிக்கப்பட்டது. இந்த உச்சவரம்பே பின்வரும் வரலாற்றின் அச்சு எனலாம். இழப்பு வாடிக்கையாளரின் தலையிலிருந்து வங்கிக்கும் வணிகருக்கும் மாறியதால்தான் மோசடியைத் தடுக்கும் கருவியில் அவர்களுக்கு அக்கறை பிறந்தது.

மிகையான ஒப்புமை

இரு கையொப்பங்கள் ஒத்திருப்பது உண்மைக்குச் சான்றா என்னும் வினா கணினிக்கு மிகவும் முந்தியது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த செல்வர் சில்வியா ஆன் ஹௌலண்ட் 1865இல் இறந்தார். அவருடைய சகோதரியின் மகளான ஹெட்டி ராபின்சன், உயிலுடன் இணைந்ததாகச் சொல்லப்பட்ட மற்றொரு பக்கத்தைக் காட்டிப் பெருஞ்சொத்தைக் கோரினார். அப்பக்கத்திலிருந்த கையொப்பம் உயிலிலுள்ள கையொப்பத்துடன் கோடு பிசகாமல் பொருந்தியது. எதிர்த்தரப்பில் சாட்சி கூறிய கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் அந்தப் பொருத்தத்தையே ஐயத்துக்குரியதாகக் காட்டினார். ஹௌலண்டின் 42 உண்மைக் கையொப்பங்களை இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் பணியை அவர் மகன் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் செய்தார். 861 இணைகள், ஒவ்வொன்றிலும் 30 கீழ்நோக்கிய கோடுகள். ஐந்தில் ஏறத்தாழ ஒரு கோடே பொருந்தியது. முப்பதும் பொருந்துவது இயல்பில் நிகழக்கூடியதன்று; ஆகவே ஒன்று மற்றொன்றிலிருந்து படியெடுக்கப்பட்டது என்பது பியர்ஸின் முடிவு. கோடுகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் அவருடைய எடுகோள் இன்றைய புள்ளியியலர்க்கு ஏற்புடையதன்று. வழக்கும் 1868இல் வேறொரு சட்டக் காரணத்தால் ராபின்சனுக்கு எதிராக முடிந்தது. எனினும் அவ்வழக்கு விட்டுச்சென்ற கருத்து நிலைத்தது: மனிதன் தன் கையொப்பத்தை இருமுறை ஒரேபோல் இடுவதில்லை.

ஆவண ஆய்வாளர் ஆல்பர்ட் ஆஸ்பர்ன் 1910இல் வெளியிட்ட நூல் இதற்கு அடுத்த படியை வைத்தது. வடிவத்தைப் பார்த்து வரைபவன் மெதுவாக வரைகிறான். கோட்டில் நடுக்கமும், தேவையற்ற இடத்தில் தயக்கமும், ஒரே அளவான அழுத்தமும் காணப்படும். உண்மையாளரின் கோடு பிழைபட்டாலும் ஓட்டம் உடையது. அதாவது போலி பெரும்பாலும் வடிவத்தில் வென்று வேகத்தில் தோற்கிறது. ஆனால் காகிதத்தில் எஞ்சுவது வடிவம் மட்டுமே. வேகத்தை மையின் தடயத்திலிருந்து ஊகிக்கத்தான் இயலும். அதற்கு உருப்பெருக்கியும் பயிற்சியும் நேரமும் வேண்டும். கல்லாவில் நிற்பவரிடம் இவற்றுள் எதுவும் இல்லை.

விசையை அளத்தல்

வேகத்தை ஊகிப்பதற்குப் பதிலாக, எழுதும்போதே அதனை அளந்தால் என்ன? இவ்வெண்ணமே 1970களில் ஆய்வாக உருப்பெற்றது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹெர்ப்ஸ்ட், லியு ஆகியோர் 1977இல் வெளியிட்ட கட்டுரை, முடுக்கமானிகள் பொருத்திய பேனாவைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறையை விளக்கியது. பழகிய கையொப்பத்தில் கை கண்ணைக் கேட்டு நகர்வதில்லை. தசைகளின் இயக்கம் முன்பே அமைந்த காலஒழுங்கில் நிகழ்கிறது என்பது அதன் அடிப்படை. ஒருவர் கையொப்பத்தின் தோற்றத்தைப் பிறர் காணலாம்; அதன் காலஒழுங்கைக் காண இயலாது. 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்களான சாதோவும் கொகுரேயும் வடிவம், இயக்கம், அழுத்தம் மூன்றையும் இணைத்தனர். 1983இல் எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் கிரேன், ஆஸ்ட்ரம் இருவரும் பேனா முனையின் மீதான விசையை மூன்று அச்சுகளில் அளக்கும் கருவியைக் கொண்டு சோதனைகளை வெளியிட்டனர்.

திருவெண்ணெய்நல்லூர் அவையோர் ஓலையைக் காப்பறையில் தேடிய அதே காரியத்தை இக்கருவிகள் வேறு வகையில் செய்தன எனலாம். அட்டையின் பட்டையில் உள்ள கோடுகள் திருடனுக்குத் தெரிந்தாலும், அவற்றை இட்ட கையின் விசை அவனுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. பியர்ஸ் கண்ட முரணும் இங்கே பயன்பட்டது. முன்பு பதிவான ஒன்றுடன் முழுதும் பொருந்தும் தரவு வந்தால், அது மனிதக் கையிலிருந்து வரவில்லை, பதிவை மீண்டும் இயக்கியதால் வந்தது என்று கருவி அதனைத் தள்ளலாம்.

எவ்வளவு துல்லியம்? 2004இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் நடத்திய முதல் அனைத்துலகக் கையொப்பச் சரிபார்ப்புப் போட்டி ஒரு பொது அளவுகோலைத் தந்தது. பயிற்சி பெற்ற போலிகளுக்கு எதிராகச் சிறந்த முறையின் சமப்பிழை விழுக்காடு சுமார் 2.8, துருக்கியின் சபான்சி பல்கலைக்கழகக் குழுவினுடையது அம்முறை. சமப்பிழை என்பது உண்மையாளரைத் தவறாகத் தள்ளும் விகிதமும் போலியைத் தவறாக ஏற்கும் விகிதமும் சமமாகும் புள்ளி. இப்போட்டியில் மற்றொரு செய்தி மறைந்துள்ளது. தரவு வழங்கியோர் தம் தனியுரிமை கருதி, அன்றாடம் இடும் கையொப்பத்தைத் தராமல் புதியதொன்றை அமைத்துப் பழகித் தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். கையொப்பத்தின் விசை களவுபோகக்கூடிய பொருள் என்பதை அத்துறையே அறிந்திருந்தது. இரகசிய எண்ணை மாற்றலாம். கையின் பழக்கத்தை எளிதில் மாற்ற முடியாது.

கல்லாவின் முன்

2.8 விழுக்காடு ஆய்வகத்தில் பெருமைக்குரியது. கடையில் அதன் பொருளை ஓர் எளிய கணக்கால் காணலாம். ஒரு லட்சம் பரிவர்த்தனைகளில் 100 மோசடியானவை என்று, உண்மையைவிட மிகுதியாகவே, கொள்வோம். கருவி 97 மோசடிகளைப் பிடிக்கும். அதே வேளையில் மீதமுள்ள 99,900 நேர்மையாளர்களுள் ஏறத்தாழ 2,800 பேரைத் தள்ளும். அதாவது கருவி சந்தேகிக்கும் 30 பேரில் ஒருவரே திருடர். மற்ற 29 பேர் வரிசையில் பிறர் பார்க்க அவமானப்பட்டு, வேறு அட்டையை நீட்டுவோர் அல்லது பொருளை வைத்துவிட்டுப் போவோர். அட்டை மோசடியின் இழப்பு, 100 டாலர் விற்பனைக்குச் சில சென்ட் என்னும் அளவிலேயே இருந்துவந்தது. அச்சில சென்டுகளைக் காக்க விற்பனையையே இழக்க எந்த வணிகர் உடன்படுவார்? ஏற்பின் வரம்பைத் தளர்த்தி நேர்மையாளர் தள்ளப்படுவதைக் குறைக்கலாம். அப்போது போலிகள் நுழையும்.

பதிவை எங்கு வைப்பது என்பதும் சிக்கலாயிற்று. வங்கி அட்டையின் காந்தப்பட்டையில் வணிகத்துக்குப் பெரிதும் பயன்படும் இரண்டாம் தடம் 40 குறிகளே கொள்ளும். அதில் அட்டை எண்ணும் காலாவதி நாளுமே பெரும்பகுதி. சில நொடிகள் நீளும் கையொப்பத்தின் விசைத்தொடர் நூற்றுக்கணக்கான அளவீடுகளாலானது. அதனை மையக் கணினியில் வைத்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் தொலைபேசித் தொடர்பு வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொரு கல்லாவுக்கும் ஒரு நுட்பமான பேனா; கீழே விழுந்தால் பழுதாகும் பேனா. உரியவர் வங்கிக்கு வந்து பலமுறை கையொப்பமிட்டுப் பதிய வேண்டிய தேவையும் உண்டு.

சில்லு வந்தபோது சேமிப்பிடச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் சில்லுடன் வந்தது விசைப்பேனா அன்று, நான்கு இலக்க எண். பிரான்ஸ் வங்கி அட்டைகள் 1990களின் தொடக்கத்திலேயே இவ்வழியில் சென்றன. பிரிட்டனில் 2006 பிப்ரவரி 14 முதல் இரகசிய எண் வழக்கமாயிற்று. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2013 இறுதியில் பற்று அட்டைகளுக்குக் கடையிலும் அது கட்டாயமாயிற்று. எண்ணைச் சோதிப்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒன்று சரி, அல்லது தவறு. மூன்று முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். இந்தத் திட்டவட்டமே அதன் விலைமதிப்பு.

இழப்பு யாருடையது

அத்திட்டவட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதனைச் செலுத்தியவர் பெரும்பாலும் வாடிக்கையாளர். ஆங்கிலச் சட்டத்தில் போலிக் கையொப்பம் செல்லாதது. 1882ஆம் ஆண்டின் மாற்றுச்சீட்டுச் சட்டப்படி, போலிக் கையொப்பமிட்ட காசோலைக்கு வங்கி பணம் கொடுத்தால் பொதுவாக அந்த இழப்பு வங்கியினுடையது. காகிதம் எஞ்சியிருக்கும், ஆஸ்பர்னைப் போன்ற ஒருவர் அதனை ஆராயலாம். இரகசிய எண் அத்தகைய தடயம் எதனையும் விடுவதில்லை. எண் சரியாக இடப்பட்டது என்று கருவி கூறினால், வாடிக்கையாளர் இட்டார் அல்லது கவனக்குறைவாகப் பிறர்க்குக் கூறினார் என்று வங்கி வாதிட இயலும். ராஸ் ஆண்டர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு, தாம் எடுக்காத பணம் தம் கணக்கில் கழிக்கப்பட்டதாக முறையிட்ட பிரிட்டானியர்க்கு இத்தகைய மறுமொழியே கிடைத்ததைக் காட்டியது. கருவியின் பதிவு மட்டுமே வாடிக்கையாளரின் ஒப்புதலுக்குப் போதிய சான்றாகாது என்று பிரிட்டனின் விதிமுறைகள் வெளிப்படையாகக் கூறியது 2009இல்தான்.

அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நால்வர் (மர்டாக், டிரைமர், ஆண்டர்சன், பாண்ட்) சில்லும் எண்ணும் கொண்ட முறையின் ஒரு பிளவை வெளியிட்டனர். அட்டைக்கும் கடைக்கருவிக்கும் இடையில் ஒரு சிறு சாதனத்தை வைத்தால், திருடிய அட்டையுடன் எந்த எண்ணை அழுத்தினாலும் பரிவர்த்தனை நடந்துவிடும். எண் சரிபார்க்கப்பட்டதாகக் கருவி நம்பும். அட்டையோ, எண் கேட்கப்படவே இல்லை, இது கையொப்பம் பெற்று நடக்கும் விற்பனை என்று நம்பும். பழைய வழக்கத்துக்காக நெறிமுறையில் விட்டுவைத்த கையொப்ப வழியே திருடனின் வாயிலாயிற்று. இவ்வளவு சாதனத்தைக் கள்வர் சுமக்கமாட்டார்கள் என்று வாதிக்கப்பட்டது. பிரான்சில் திருடப்பட்ட அட்டைகள் 2011இல் பெல்ஜியத்தில் பயன்படுத்தப்பட்டபோது, அச்சாதனம் அட்டையின் சில்லுக்கு மேலேயே இரண்டாம் சில்லாக ஒட்டப்பட்டிருந்தது.

அமெரிக்கா கையொப்பத்தை நெடுங்காலம் விடவில்லை. சில்லு அட்டைக்கு மாறாத தரப்பே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் விதி அங்கு 2015 அக்டோபரில் வந்தபோதும், கையொப்பம் இடும் வழக்கம் பெருமளவில் தொடர்ந்தது. கண்ணாடித் திரைகளில் விரலால் இழுத்த கோடுகள் சேர்ந்தன. யாரும் அவற்றை எதனுடனும் ஒப்பிடவில்லை. 2018 ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர் ஆகிய நான்கும் கையொப்பம் பெறவேண்டும் என்னும் கட்டாயத்தைக் கைவிட்டன. அதற்குள் மோசடியின் பெரும்பகுதி, அட்டையும் ஆளும் நேரில் வராத இணைய விற்பனைக்குப் பெயர்ந்திருந்தது. விசையை அளக்கும் நுட்பம் இப்போது ஒப்பந்தங்களையும் காப்பீட்டுப் படிவங்களையும் திரையில் ஒப்பமிடும் இடங்களில் வாழ்கிறது. அதன் தரவுக்கென 2007இல் அனைத்துலகத் தர அமைப்பு ஒரு வடிவத்தையும் வகுத்தது. அங்கே கல்லாவுக்கு முன் வரிசை இல்லை. ஐயம் எழுந்தால் மனிதர் ஒருவர் அமர்ந்து பதிவை எடுத்து நோக்க நேரம் இருக்கிறது.