பம்பாயில் பிறந்த 'ஆந்திர பத்திரிகை'



சொந்த ஊரை விட்டு வெகு தொலைவு சென்று வாழ்கிறவனுக்குத் தன் தாய்மொழியில் அச்சான ஒரு தாள் எவ்வளவு பெரிய துணை என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தபாலில் இரண்டு நாள் பிந்தி வந்த தமிழ்ப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்து விளம்பரம் வரையில் படித்துவிட்டு, அடுத்த வீட்டாருக்குக் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் வெளிமாநிலங்களில் அநேகம். ஆகவே, தெலுங்கு மக்களின் அரசியலுக்கு உருக்கொடுத்த ஒரு பத்திரிகை தெலுங்கு நாட்டில் பிறக்கவில்லை, பம்பாயில் பிறந்தது என்று நான் சொன்னால், மற்றவர்களைக் காட்டிலும் உங்களுக்கு அது எளிதில் விளங்கும். 'ஆந்திர பத்திரிகை' என்னும் அந்த ஏட்டின் வரலாற்றையும், அரசியலோடு அதற்கு இருந்த உறவையும் இன்று சிறிது ஆராய்வோம்.

அதை நிறுவியவர் காசீநாதுனி நாகேசுவரராவ் பந்துலு. 1867-ஆம் ஆண்டில் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். கல்கத்தாவில் சில காலம் வேலை பார்த்துவிட்டுப் பம்பாய் சேர்ந்தார். அங்கே 1893-இல் அவர் தொடங்கிய தொழில்தான் அமிர்தாஞ்சனம். தலைவலி என்றதும் நம் பாட்டிமார் தேடி எடுத்த அந்த மஞ்சள் நிற மருந்தை அறியாத வீடு நம்மிடையே இல்லை. அதைச் செய்து விற்றவரே ஒரு மொழியினரின் அரசியல் விழிப்புக்கும் வித்திட்டவர் என்பதைப் பலர் அறியார்.

பம்பாய் நகரில் அக்காலத்திலேயே தெலுங்கர் கணிசமாக வாழ்ந்தனர். கட்டட வேலைக்கு வந்து குடியேறிய 'காமாட்டி'த் தொழிலாளரின் பெயராலேயே அந்நகரத்தின் ஒரு பகுதி காமாட்டிபுரம் எனப்பட்டது. 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதிக்கொண்டு பிரிந்த கூட்டம் அது. அங்கே சென்று திரும்பிய நாகேசுவரராவுக்குத் தம் மக்களுக்கும் அரசியல் அறிவூட்டும் ஒரு பத்திரிகை வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் திலகருக்குப் பம்பாயிலேயே ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பின்னர் இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1908 செப்டம்பரில், 'ஆந்திர பத்திரிகை' வார ஏடாக வெளிவந்தது.

அந்தப் பெயரைச் சற்றே கவனியுங்கள். 1908-இல் ஆந்திரம் என்ற பெயருடன் ஒரு மாகாணம் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. தெலுங்கு பேசும் மாவட்டங்கள் ஒருபுறம் சென்னை ராஜதானியிலும், மறுபுறம் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்திலும் பிரிந்து கிடந்தன. ஆந்திர மாநிலம் உருவானது 1953-இல். அதாவது, மாநிலம் பிறப்பதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே அதன் பெயரைத் தாங்கிய தாள் வாசகரின் கைக்கு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பளிக்கும் செய்தி. ஒரு சொல் வாரந்தோறும், பின்னர் நாள்தோறும் அச்சேறி வந்தால், அது குறிக்கும் பொருளும் ஒரு நாள் உண்டாகிவிடலாம் போலும்.

1913-இல் பாபட்லாவில் முதல் ஆந்திர மகாசபை கூடியது. தெலுங்கருக்குத் தனி மாகாணம் என்ற பேச்சு மேடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1914 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, 'ஆந்திர பத்திரிகை' சென்னையிலிருந்து தினசரியாக வெளிவரலாயிற்று. ராஜதானியின் தலைநகரம் சென்னை. சட்டசபையும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அங்கேயே இருந்தன. தெலுங்கர் அரசியல் நடத்தவும் சென்னைக்கே வரவேண்டியிருந்தது. சில மாதங்களில் ஐரோப்பிய யுத்தமும் மூண்டது. செய்தி அறியும் தாகம் மிகுந்த காலத்தில் தெலுங்கருக்குத் தம் மொழியிலேயே ஒரு தினசரி கிடைத்தது. சுயராஜ்யக் கட்டுரைக்காகச் சிறை சென்ற காடிச்செர்ல ஹரிசர்வோத்தமராவ் போன்றோர் அதில் ஆசிரியப் பொறுப்பு ஏற்றனர். ஆண்டுதோறும் யுகாதி மலரும், 1924 முதல் 'பாரதி' என்னும் இலக்கிய மாத இதழும் அதே நிலையத்திலிருந்து வெளிவந்தன.

அரசியல் உறவுக்கு வருவோம். நாகேசுவரராவ் வெறும் பத்திரிகை முதலாளி அல்லர். ஆந்திர மாகாணக் காங்கிரஸ் குழுவின் தலைவராகவும் இருந்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தவர். மக்கள் அவரை 'தேசோத்தாரகர்' என்று போற்றினர். ஆகவே, பத்திரிகையின் கட்சி எது என்பதில் வாசகருக்கு ஐயமே இருக்கவில்லை. நடுநிலை என்ற போர்வையை அது போர்த்திக்கொள்ளவில்லை. அதே சமயம், கட்சி நிதியை நம்பி அது நடக்கவும் இல்லை. மருந்து விற்ற வருமானம் பத்திரிகையைத் தாங்கிற்று. பத்திரிகை இயக்கத்தைத் தாங்கிற்று. பணம் இந்தத் திசையில் ஓடியது என்பது முக்கியமான விஷயம். அரசியலிலிருந்து பத்திரிகைக்குப் பணம் வந்தால் பேனா ஒரு விதமாக எழுதும். பத்திரிகையிலிருந்து அரசியலுக்குப் பணம் சென்றால் வேறு விதமாக எழுதும்.

எனினும், அச்சு எழுத்தால் எல்லாமே சாதித்துவிட முடிவதில்லை. ஆந்திரர் ஒன்றே என்று கால் நூற்றாண்டுக்கு மேலாக எழுதிவந்த பிறகும், ராயலசீமைப் பகுதியினருக்கு ஓர் அச்சம் இருந்தது. நீர்வளமும் கல்வி வளமும் மிக்க கடற்கரை மாவட்டத்தார் புதிய மாகாணத்தில் தம்மை மேலாதிக்கம் செய்துவிடுவார்களோ என்பதே அது. அந்த அச்சத்தைத் தீர்க்க, 1937 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையில் நாகேசுவரராவின் இல்லமாகிய 'ஸ்ரீபாக்'கில் இரு தரப்புத் தலைவர்களும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அனந்தப்பூரில் பல்கலைக்கழக மையம் ஒன்று அமைய வேண்டும். பாசனத் திட்டங்களில் ராயலசீமைக்கும் நெல்லூருக்கும் முதலிடம் தர வேண்டும். தலைநகரமும் உயர்நீதிமன்றமும் ஒரே பகுதியில் அமையாமல் பிரிந்திருக்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமை ராயலசீமைக்கு உண்டு. இவை அதன் சாரம். ஒற்றுமையை எழுத்தில் முழங்கியவரே, அது போதாது என்று உணர்ந்து, ஐயப்பட்டவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசவைத்தார். என் கருத்தில் அவருடைய அரசியல் வாழ்வின் சிறந்த செயல் இதுவே. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். பத்திரிகைப் பொறுப்பை மருமகன் சிவலெங்க சம்புபிரசாத் ஏற்றார்.

அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவை. 1952 அக்டோபரில் சென்னை மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15-இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. தலைநகரம் ராயலசீமையின் கர்நூல். உயர்நீதிமன்றம் கடற்கரைப் பகுதியின் குண்டூர். ஸ்ரீபாக்கின் சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால் சென்னை நகரம் புதிய மாநிலத்துக்குக் கிடைக்கவில்லை. எந்த மாநிலத்துக்காக அத்தினசரி உழைத்ததோ, அந்த மாநிலத்துக்கு வெளியே அதன் அச்சகம் நின்றுவிட்டது. வெற்றி பெற்ற இலட்சியம் தன்னை வளர்த்த வீட்டை விட்டுப் புறப்பட்டுப்போயிற்று. 1938-இல் சென்னையில் தொடங்கிய 'ஆந்திர பிரபா'வும் 1959-இல் விஜயவாடாவுக்குக் குடிபெயர்ந்தது. 'ஆந்திர பத்திரிகை' 1991-இல் அடியோடு நின்றது.

உறவின் வடிவமும் காலத்தோடு மாறிற்று. கம்யூனிஸ்டுகளின் 'பிரஜாசக்தி' 1942-இல் தோன்றி 1948-இல் தடைசெய்யப்பட்டது. 1952-இல் வந்த 'விசாலாந்திரா'வின் பெயரே, தெலுங்கர் அனைவருக்கும் ஒரே மாநிலம் என்ற கோரிக்கையாக அமைந்தது. இங்கே கட்சியே பத்திரிகையை நடத்தியது. 1974-இல் விசாகப்பட்டணத்தில் ராமோஜிராவ் தொடங்கிய 'ஈநாடு', 1982-இல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு ஊக்கமளித்து எழுதிற்று. மறு ஆண்டு ஜனவரியில் அக்கட்சி ஆட்சியைப் பிடித்தது. 2008-இல் 'சாக்ஷி'யைத் தொடங்கிய ஜகன்மோகன் ரெட்டி, அப்போதைய முதலமைச்சரின் மகன். 2019-இல் தாமே முதலமைச்சரானார். தலைவரின் குடும்பமே பத்திரிகைக்கு உரிமையாளராகும் நிலையும் இவ்வாறு ஏற்பட்டது.

ஆகவே, அரசியல் உறவு இல்லாத பத்திரிகையைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. உறவு வெளிப்படையானதா, பணம் எந்தத் திசையில் ஓடுகிறது, தன்னை நம்பாத மக்களின் அச்சத்துக்கு அது செவிசாய்க்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். முதலிரண்டுக்கும் நாகேசுவரராவ் தம் தொழிலாலும் வாழ்வாலும் விடை கூறினார். மூன்றாவதற்கு ஸ்ரீபாக் விடை கூறியது. 2014-இல் தெலங்கானா பிரிந்த பின்னர் ஆந்திரத்தில் தலைநகரம் பற்றிய வாதம் எழுந்தபோது, ஸ்ரீபாக் உடன்படிக்கையின் பெயர் மறுபடியும் ஒலித்தது. அந்த வீட்டில் எழுதிய வாக்குறுதி பத்திரிகையைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் நாகேசுவரராவ் பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊருக்கு வரும்போது ஒரு மாலை அங்கே சென்று உட்காருங்கள். பிறர் மொழி வழங்கும் நகரத்தில் இருந்துகொண்டே ஒரு மனிதர் தம் மொழியினருக்காக இவ்வளவும் செய்தார். தமிழ் நகரம் அவரை மறக்கவில்லை. நீங்கள் வாழும் நகரத்தின் மொழியையும் பத்திரிகையையும் சிறிது சிறிதாகவேனும் படித்துப் பழகுங்கள். அவ்வூர் மக்களின் ஆசையும் அச்சமும் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.