மூன்றாம் விண்ணகத்தின் அரியணை

அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், ஏழாவது தெருவின் பின்புறத்தே, குளிர்காயும் வசதியோ போதிய வெளிச்சமோ இல்லாத ஒரு கொட்டகை இருந்தது. 1950ஆம் ஆண்டில் அதனை வாடகைக்கு எடுத்தவர் ஜேம்ஸ் ஹாம்ப்டன் என்னும் கறுப்பினத் தொழிலாளி. அரசு அலுவலகங்களை இரவில் கூட்டித் துடைப்பது அவர் வேலை. நள்ளிரவில் வேலை முடிந்ததும் இக்கொட்டகைக்கு வருவார். மணிக்கணக்கில் உள்ளேயே இருப்பார். இவ்வாறு பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1964 நவம்பர் 4ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் அவர் இறந்தார். உள்ளே இருந்ததை உலகம் கண்டது அதன் பின்னரே: பொன்னும் வெள்ளியுமாய் ஒளிரும் ஓர் அரியணை; அதன் இருமருங்கிலும் பீடங்கள், மணிமுடிகள், வாசகமேடைகள் என ஏறத்தாழ 180 உருப்படிகள்.

ஆண்டவர் இயேசுவின் இரண்டாம் வருகைக்கென அவர் ஆயத்தம் செய்தது அது. அதற்கு அவர் இட்ட பெயர் நீண்டது: ‘மக்களினங்களின் ஆயிரமாண்டுப் பொதுப்பேரவையின் மூன்றாம் விண்ணக அரியணை’. மூன்றாம் விண்ணகம், தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் வருவது. ஆயிரமாண்டு, திருவெளிப்பாட்டின் 20ஆம் அதிகாரத்தினது. பொதுப்பேரவை எங்கிருந்து வந்தது? அவர் அன்றாடம் பெருக்கிய அலுவலகங்களின் மொழிச்சாயல் அது என்றே நமக்குத் தோன்றுகிறது. தம்மை அவர் ‘நித்தியம் என்னும் அரசின் சிறப்புத் திட்டங்களின் இயக்குநர்’ என்றும் குறித்துக்கொண்டார். முதலில் படித்தபோது நாமும் சிரித்தோம். ஆனால் பிறருடைய குப்பைக்கூடைகளைக் கொட்டிக் கவிழ்ப்பதே பணியாக அமைந்த ஒருவர், தமக்குரிய பதவியை நித்தியத்தினின்று பெற்றுக்கொண்டதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பொன் என்றோம், அது பொன் அன்று. மதுப்புட்டியின் கழுத்திலும் சிகரெட் பெட்டியிலும் வரும் ஈயத்தாள். பழம்பொருள் கடையில் வாங்கிய மேசை நாற்காலிகள், அலுவலகம் கழித்துப்போட்ட மையொற்றுத் தாள்கள், அட்டை, மின்கம்பி, மின்குமிழ்கள், பழப்பாகு அடைத்து வந்த கண்ணாடிக் குப்பிகள். இவற்றைப் பசையாலும் ஆணியாலும் குண்டூசியாலும் இணைத்து, அங்குலம் விடாமல் ஈயத்தாளால் போர்த்தி, சிறகுகளாகவும் விண்மீன்களாகவும் ஆக்கினார். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்காகச் சிகரெட் ஈயத்தாளை நகத்தால் நீவிச் சுருக்கம் எடுத்த விரல்கள் நம் வாசகர் பலருக்கும் உண்டு. அவ்வேலை கேட்கும் பொறுமையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதனை ‘உருமாற்றம்’ என்று கலை விமரிசகர்கள் எழுதுகின்றனர். குருமடத்தில் இறையியல் பயின்ற நமக்கு அச்சொல்லை அத்துணை எளிதில் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. நற்கருணையில் நிகழ்வது உட்பொருளின் மாற்றம். ஹாம்ப்டனின் கொட்டகையில் அட்டை அட்டையாகவே இருந்தது, ஈயத்தாள் பொன்னாகிவிடவில்லை. மாறியது அப்பொருள் யாருக்கு உரியது என்பது. பாத்திரக் கடையில் இருக்கும்வரை பத்தோடு பதினொன்றான ஒரு கிண்ணம், அர்ச்சிக்கப்பட்ட பின் வேறெதற்கும் பயன்படாது அன்றோ? குப்பைக்கெனக் குறிக்கப்பட்டதை அவர் ஆண்டவருக்கெனக் குறித்தார். இதனைச் செய்ய அவருக்கு அதிகாரம் அளித்தவர் எவருமில்லை.

அமைப்பிலும் இறையியல் உண்டு. அரியணைக்கு வலப்புறம் இயேசுவும் புதிய உடன்படிக்கையும். இடப்புறம் மோசேயும் பழைய உடன்படிக்கையும். ஒருபுறத்து உருப்படிக்கு மறுபுறம் இணை உண்டு. உச்சியில் இரண்டே ஆங்கிலச் சொற்கள். அவற்றின் பொருள், ‘அஞ்சாதே’.

ஹாம்ப்டன் 1909இல் தென் கரோலினா மாநிலத்து எல்லோரி என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை பாப்டிஸ்து சபையின் போதகர். 1942இல் படைக்கு அழைக்கப்பட்டு, பசிபிக் தீவுகளில் பணியாற்றினார். முதல் உருப்படியைக் குவாம் தீவில் 1945இல் செய்ததாக அதன்மேலேயே குறித்திருக்கிறார். தமக்குக் கிடைத்த காட்சிகளையும் இவ்வாறே நாள் குறித்து எழுதிவைத்தார்: 1931இல் மோசே, 1946இல் பெத்லகேம் விண்மீனோடு கன்னி மரியா, 1949 ஜனவரி 20இல், குடியரசுத் தலைவர் ட்ரூமன் பதவியேற்ற அதே நாளில், ஆதாம்.

கத்தோலிக்கருக்கு வியப்பூட்டும் குறிப்பு ஒன்றும் அங்கே உள்ளது. 1950 நவம்பர் முதல் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அன்னையின் விண்ணேற்பை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அதன் மறுநாள் தேதியிட்டு, திருத்தந்தையின் பெயரையும் சொல்லி, அந்நிகழ்வுக்குச் சான்றாக ஓர் உருப்படியைச் செய்திருக்கிறார் இந்தப் பாப்டிஸ்து போதகரின் மகன். விண்ணகத்திற்கு ‘ஏறுதல்’ என்பதற்குப் பதில் ‘இறங்குதல்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டார். நம் குருமடப் பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பார். சபைகள் பிளவுண்டிருப்பதை ஹாம்ப்டன் ஏற்கவில்லை என்றும், நகரின் பல ஆலயங்களுக்கும் சென்றுவந்தார் என்றும் அறிந்தோர் கூறியுள்ளனர். உரோமையிலிருந்து வந்த செய்தியும் அவருக்கு அயலார் செய்தியாகப் படவில்லை.

அவர் தம் சிந்தனைகளையும் எழுதியிருக்கிறார். ஆனால் நம்மால் படிக்க இயலாது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பேடு முழுவதும் அவரே புனைந்த வரிவடிவில் அமைந்துள்ளது. வல்லுநர்கள் முயன்றும் பொருள் விளங்கவில்லை. பக்கங்களின் அடியில் மட்டும் ‘வெளிப்பாடு’ என்னும் ஆங்கிலச் சொல் தெரிகிறது. தனிமனிதருக்குக் கிடைக்கும் காட்சிகளைத் திருச்சபை ஆய்ந்தே ஏற்க வேண்டும் என்று கற்றோம். மக்களுக்கும் அதையே கற்பிக்கிறோம். அதில் மாற்றமில்லை. ஆனால் எழுத்தையே பூட்டிவைத்த இவருடைய காட்சியை ஆய்வது எங்ஙனம்? மனநோய் என்று தள்ளுவது எளிது. புனிதர் என்று ஏற்றுவதும் எளிது. எளியவர் ஒருவர், உறங்க வேண்டிய நேரத்தில் விழித்திருந்தார் என்பதற்கு மேல் நாம் உறுதியாகச் சொல்லத் துணியோம்.

வேறொரு கேள்வியே நம்மை விடாமல் தொடர்கிறது. நம் பங்குக் கோயிலைப் பெருக்குபவர் ஒருநாள் அறைக்கதவைத் தட்டி, “சாமி, ஆண்டவருக்கு ஓர் அரியணை செய்திருக்கிறேன், வந்து பாருங்கள்” என்று அழைத்தால் நாம் போயிருப்போமா? ஞாயிறு கழியட்டும் என்றிருப்போம். போயிருக்க மாட்டோம்.

ஹாம்ப்டனின் உடலைப் பெறவந்த சகோதரி அன்றுதான் முதன்முறையாக அதனைக் கண்டார். எடுத்துச் செல்ல விரும்பவில்லை. 1970இல் அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இன்று பார்ப்போர் பொன், வெள்ளியோடு ஒருவகைப் பழுப்பு நிறத்தையும் காண்பர். அது ஹாம்ப்டன் தேர்ந்த நிறமன்று. அவர் ஒட்டியது ஊதாத் தாள். திருவருகைக் காலத்தில் நம் பீடத்தில் விரியும் அதே நிறம். ஆண்டுகள் செல்ல மங்கிப் போயிற்று. நம்மிடமுள்ள படத்திலும் அது பழுப்பாகவே இருக்கிறது.