கியூபிசமும் அரூப ஓவியத்தின் தோற்றமும்: மோந்திரியான் ஓவியங்களை முன்வைத்து (1911–1919)

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் உருவான கியூபிசம் அரூப ஓவியத்திற்கு வழிவகுத்தது என்பது கலை வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயினும் கியூபிசத்தைத் தோற்றுவித்த பாப்லோ பிக்காசோவும் ஜார்ஜ் பிராக்கும் அரூப ஓவியத்தை ஏற்கவில்லை. இம்முரணை மையமாகக் கொண்டு, டச்சு ஓவியர் பியட் மோந்திரியான் 1911 முதல் 1919 வரை தீட்டிய ஓவியங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அரூப ஓவியர்கள் கியூபிசத்தின் உத்திகளை ஏற்று, அதன் நோக்கத்தை மறுத்தனர் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கியூபிசம், அரூப ஓவியம், மோந்திரியான், மலேவிச், டி ஸ்டைல், கலை வரலாற்றெழுதியல்

முன்னுரை

1936ஆம் ஆண்டு நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 'கியூபிசமும் அரூபக் கலையும்' என்னும் கண்காட்சியை நடத்தியது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆல்ஃபிரெட் பார், கண்காட்சி நூலின் மேலுறைக்கென ஒரு வரைபடத்தை உருவாக்கினார். 1890 முதல் 1935 வரையிலான கலை இயக்கங்கள் அதில் ஆண்டு வரிசைப்படி மேலிருந்து கீழாக அமைக்கப்பட்டு, அம்புக்குறிகளால் இணைக்கப்பட்டிருந்தன. கியூபிசத்திலிருந்து புறப்படும் அம்புகள் சுப்ரமேடிசம், டி ஸ்டைல் முதலிய இயக்கங்களின் வழியே சென்று, இறுதியில் வடிவியல்சார் அரூபக் கலையை அடைகின்றன.

கலை வரலாற்றைக் கற்பிக்கும் முறையில் இவ்வரைபடம் ஆழமான செல்வாக்குச் செலுத்தியது. எனினும், ஓர் இயக்கம் மற்றோர் இயக்கத்தில் தானாகவே சென்று முடிந்தது என்னும் எண்ணத்தை அம்புக்குறி ஏற்படுத்திவிடுகிறது. இடையில் நிகழ்ந்த ஏற்பும் மறுப்பும் அதில் புலப்படுவதில்லை. அவற்றை ஓவியங்களின் வழியாகவே கண்டறிய வேண்டியுள்ளது.

கியூபிசம் அளித்த உத்திகள்

1907இல் பாரிசில் பால் செசானின் நினைவுக் கண்காட்சி நடைபெற்றது. அதே ஆண்டில் பிக்காசோ 'அவிஞ்ஞோன் நங்கையர்' ஓவியத்தைத் தீட்டினார். மறு ஆண்டு லெஸ்டாக் ஊரின் வீடுகளைப் பிராக் வரைந்து, கான்வைலரின் கலைக்கூடத்தில் காட்சிப்படுத்தினார். அவற்றைக் கண்ட திறனாய்வாளர் லூயி வோசெல், எல்லாம் கனசதுரங்களாகக் குறுக்கப்பட்டுள்ளன என்னும் பொருள்பட எழுதியதே இயக்கத்தின் பெயருக்கு அடிப்படையாயிற்று.

1910 முதல் 1912 வரையிலான பகுப்பாய்வுக் கியூபிசத்தில் மூன்று உத்திகள் முதன்மை பெற்றன. முதலாவது, பொருளின் புறக்கோட்டை உடைத்து, பரப்பு முழுவதும் பரவும் கோட்டுச் சட்டகம். இரண்டாவது, பொருளும் பின்புலமும் ஒன்றினுள் ஒன்று கரையும் ஆழம் குறைந்த வெளி. மூன்றாவது, சாம்பல், பழுப்பு ஆகிய நிறங்களுக்குள் அடங்கிய வண்ணச் சிக்கனம். மறுமலர்ச்சிக் காலந்தொட்டு ஐரோப்பிய ஓவியம் போற்றிவந்த ஒருமுனைத் தொலைநோக்கு முறை இவற்றால் கைவிடப்பட்டது. ஓவியப் பரப்பு, உலகைக் காட்டும் சாளரம் என்னும் நிலையிலிருந்து மாறித் தனக்கென ஓர் ஒழுங்கைப் பெற்றது.

பொருளைக் கைவிடாத கியூபிசம்

பிக்காசோ 1910இல் வரைந்த கான்வைலர் உருவப்படத்தில் மனித உருவம் சிறுதளங்களாகச் சிதறுண்டுள்ளது. எனினும் கோத்த கைகளும் தலைமுடியின் அலையும் அடையாளம் காணத்தக்கவையாக எஞ்சியுள்ளன. பிராக் 1911இல் தீட்டிய 'போர்த்துகீசியர்' ஓவியத்தில் அச்சுத்தகட்டால் பதித்த எழுத்துகளும் எண்களும் இடம்பெறுகின்றன. உருவம் முற்றிலும் மறையக்கூடிய நிலையில், பார்வையாளரைப் புற உலகோடு மீண்டும் இணைக்கும் குறிகளாக அவை செயல்படுகின்றன. 1912இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட துணியைப் பிக்காசோ தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக் தாள்களை வெட்டி ஒட்டும் முறையைத் தொடங்கினார். இவ்வகையில் உலகின் பொருள்களே ஓவியத்திற்குள் வந்துசேர்ந்தன.

அரூபத்தின் விளிம்புவரை சென்று இருவரும் திரும்பினர் என்பதை இச்சான்றுகள் காட்டுகின்றன. அரூபக் கலை என ஒன்று இல்லை, ஓவியர் எப்போதும் ஏதேனும் ஒரு பொருளிலிருந்தே தொடங்க வேண்டும் என்னும் கருத்தைப் பிக்காசோ 1935இல் கிறிஸ்தியன் செர்வோசுடனான உரையாடலில் வெளிப்படுத்தினார். கியூபிசத்தைத் தோற்றுவித்தவர்க்குப் பொருளைச் சிதைப்பது அதனைப் புதிதாகக் காண்பதற்கான வழியாகவே இருந்தது.

மோந்திரியான்: பொருளிலிருந்து கோட்டிற்கு

1911ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற நவீன கலைக் குழுவின் கண்காட்சியில் பிக்காசோ, பிராக் ஆகியோரின் ஓவியங்கள் இடம்பெற்றன. அக்குழுவை நிறுவியோருள் ஒருவரான மோந்திரியானுக்கு அப்போது வயது 39. இயற்கைக் காட்சி ஓவியராக அறியப்பட்டிருந்த அவர், அடுத்த சில மாதங்களுக்குள் பாரிசில் குடியேறினார்.

பாரிசுக்குச் செல்வதற்கு முன்னரே அவர் ஒரு குறிக்கோளைக் கொண்டிருந்தார். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் நெதர்லாந்துக் கிளையில் 1909இல் அவர் உறுப்பினரானார். புறத்தோற்றத்திற்கு அப்பாலுள்ள நிலையான ஒழுங்கைக் காணும் வேட்கையை அச்சிந்தனை அவரிடம் வலுப்படுத்தியது. ஆகவே பொருளைக் கடக்கும் நோக்கம் கியூபிசத்திடமிருந்து அவருக்குக் கிடைத்ததன்று. அந்நோக்கத்தை நிறைவேற்றும் உத்தியையே அவர் அதனிடம் கண்டார்.

'இஞ்சிச் சாடியுடன் அசைவிலாப் பொருள்கள்' என்னும் தலைப்பில் அவர் தீட்டிய இரு ஓவியங்கள் இம்மாற்றத்தை உணர்த்துகின்றன. 1911இல் வரைந்த முதல் ஓவியத்தில் மேசைப் பொருள்கள் தெளிவாக உள்ளன. 1912இல் வரைந்த இரண்டாவதில் ஏனைய பொருள்கள் கோடுகளாகக் கரைய, நீலப்பச்சைச் சாடி மட்டும் நடுவில் எஞ்சுகிறது. 'சாம்பல் மரம்' (1911), 'பூத்த ஆப்பிள் மரம்' (1912) ஆகியவற்றிலும் இப்படிநிலையைக் காணலாம். பின்னதில் கிளைகள் வளைகோடுகளாகின்றன. அவற்றுக்கு இடையிலான வெளியும் கிளைகளுக்கு நிகரான வலிமை பெறுகிறது. 1913 முதல் அவருடைய ஓவியங்கள் பலவும் 'அமைப்பு', 'ஓவியம்' என்னும் பொதுப்பெயர்களையே தாங்கின.

விளிம்புச் சிக்கல்

மோந்திரியானின் 1913ஆம் ஆண்டு ஓவியங்களில் கோடுகள் நடுவில் செறிந்து, ஓரங்களை நெருங்குகையில் மங்குகின்றன. இது பிக்காசோ, பிராக் ஆகியோரிடமிருந்து பெற்ற அமைப்பு. அவர்களுடைய ஓவியங்களில் நடுவே ஒரு மனிதரோ இசைக்கருவியோ இருந்தமையால் அச்செறிவுக்குக் காரணம் இருந்தது. மோந்திரியானின் ஓவியத்தில் பொருள் மறைந்துவிட்டது. ஆனால் பொருளுக்கென உருவான அமைப்பு எஞ்சிநின்றது. 1914, 1915 ஆண்டுகளின் நீள்வட்ட ஓவியங்களும் இவ்வெச்சத்தின் வெளிப்பாடுகளே எனலாம்.

1914இல் தாயகம் சென்ற அவரை முதல் உலகப்போர் அங்கேயே தங்கச் செய்தது. கடலையும் அலைதாங்கியையும் கண்டு வரைந்த ஓவியங்கள் 1915இல் சிறு கிடைக்கோடுகளாகவும் செங்குத்துக் கோடுகளாகவும் சுருங்கின. 1917இல் தியோ வான் தூஸ்பர்க் தொடங்கிய 'டி ஸ்டைல்' இதழில் தம் கோட்பாட்டை அவர் எழுதலானார். 1918, 1919 ஆண்டுகளில் பரப்பு முழுவதையும் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்த ஓவியங்களைத் தீட்டினார். அவற்றில் நடுவும் ஓரமும் சமநிலை பெற்றன. மையம் நீங்கியபோதே பொருளின் கடைசித் தடயமும் நீங்கியது. கியூபிசம் தன் கண்டுபிடிப்புகளின் தருக்கமுறையான விளைவுகளை ஏற்கவில்லை என்று மோந்திரியான் பின்னாளில் கூறியதன் பொருளை இக்கட்ட ஓவியங்கள் விளக்குகின்றன.

மலேவிச்சும் மாற்று வழிகளும்

ரஷ்ய ஓவியர் காசிமிர் மலேவிச் கியூபிசத்தின் பிற்கட்டத்திலிருந்து தொடங்கினார். 'மோனாலிசாவுடன் ஓர் அமைப்பு' (1914) என்னும் ஓவியத்தில், ஒட்டப்பட்ட அச்சுப்படமும் சிதறிய உருவங்களும் பெரிய ஒருநிறத் தளங்களுடன் இணைந்துள்ளன. அத்தளங்களை ஏனையவற்றிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியபோது சுப்ரமேடிசம் பிறந்தது. 1915 டிசம்பரில் பெத்ரோகிராதில் நடைபெற்ற '0,10' கண்காட்சியில், வீடுகளில் திருவுருவப் படத்திற்குரிய மேல்மூலையில் 'கருஞ்சதுரம்' மாட்டப்பட்டது. அதையொட்டி வெளியான அவருடைய சிறுநூலின் தலைப்பிலேயே கியூபிசம் புறப்பாட்டு இடமாகக் குறிக்கப்பட்டுள்ளது. மோந்திரியான் கோட்டையும் மலேவிச் தளத்தையும் எடுத்துக்கொண்டனர். கியூபிசம் ஒரே முடிவை நோக்கிய பாதையாக இருக்கவில்லை என்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகும்.

அரூபத்திற்கு வேறு வழிகளும் இருந்தன. மியூனிக்கில் வாழ்ந்த வசீலி கண்டின்ஸ்கி வண்ணம், இசை, அகவுணர்வு ஆகியவற்றின் வழியே அரூபத்தை அணுகினார். பாரும் இதனை உணர்ந்தே, வடிவியல் சாராத அரூபக் கலை என்னும் தனிக்கிளையைத் தம் வரைபடத்தில் அமைத்தார்.

முடிவுரை

கோட்டுச் சட்டகம், ஆழம் குறைந்த வெளி, தட்டையான தளம் ஆகியவற்றைக் கியூபிசம் அரூப ஓவியத்திற்கு வழங்கியது. அவற்றைப் பொருளிலிருந்து விடுவிக்கும் முடிவு கியூபிசத்திற்கு வெளியே, வேறு நாடுகளில், வேறு நம்பிக்கைகளின் பின்னணியில் எடுக்கப்பட்டது. மோந்திரியான் அம்முடிவை முழுமையாகச் செயற்படுத்த ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. கியூபிசத்தை அரூபத்திற்கான முன்படியாக மட்டும் கருதினால், பொருளைத் தக்கவைத்த பிக்காசோவும் பிராக்கும் பாதியில் நின்றவர்களாகத் தோன்றுவர்; அரூப ஓவியர்கள் முன்னரே வகுக்கப்பட்ட வழியில் நடந்தவர்களாகத் தோன்றுவர். இரு தோற்றங்களும் பிழையானவை. இயக்கங்களுக்கிடையிலான தாக்கத்தை ஆராய்வோர், கொள்ளப்பட்டவற்றோடு மறுக்கப்பட்டவற்றையும் இணைத்து நோக்குவது இன்றியமையாதது.