செயின்சா பாதுகாப்பு

செயின்சா என்பது பெட்ரோல் எஞ்சினாலோ மின்சாரத்தாலோ ஓடும் சங்கிலி ரம்பம். தமிழ்நாட்டில் மரம் அறுப்பவர்கள் இதை மிஷின் வாள் என்பார்கள். வெறுமனே மிஷின் என்பதும் உண்டு. பார் எனப்படும் தட்டையான இரும்புப் பட்டையைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பல்வைத்த சங்கிலி ஓடுகிறது. முழு வேகத்தில் அது விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் செல்லும்.

ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சார ரம்பத்தையும் 1929இல் பெட்ரோல் ரம்பத்தையும் கொண்டுவந்தார். இரண்டையும் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். 1950களில் ஒருவரே கையாளும் எடைக்கு இக்கருவி இறங்கியது. வேலை எளிதானது, ஆனால் ஓடும் சங்கிலி, பிடிப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் அருகே வந்துவிட்டது. அதனால்தான் செயின்சா விபத்துகளில் பின்னுதைப்பு மிகக் கொடியதாகிறது.

பாரின் மூக்கில், அதாவது நுனியில், மேல்பக்கக் கால்வட்டம்தான் பின்னுதைப்பின் இடம். அப்பகுதியில் ஓடும் பல் மரத்தில் இடித்தால் முன்னேற வழியில்லாமல் அதன் விசை முழுவதும் கருவியின் மீதே திரும்புகிறது. பார் மேலெழும்பி, அறுப்பவரை நோக்கிப் பின்னால் வீசப்படும். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், கண்டபின் விலகுவது எந்தத் திறமைசாலிக்கும் முடியாது. தற்காப்பு முழுவதும் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். விரலை மேலே வைத்துப் பிடித்தால் உதை வரும்போது கை வழுக்கிவிடும். உடல், பாரின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று இடப்புறம் விலகியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுக்கவே கூடாது. கிளை கழிக்கும்போது அறுபடும் இடத்தையே கண் பார்க்கிறது. மூக்கு, பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கிளையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே மூக்கு எங்கே இருக்கிறது என்பதை அறுப்பவர் ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும்.

1970களில் பரவிய செயின் பிரேக், கைப்பிடிக்கு முன்னுள்ள தடுப்பில் கை இடித்தாலோ உதையின் வேகத்தாலோ சங்கிலியை நிறுத்துகிறது. அது காயத்தைக் குறைக்கலாம், உதையைத் தடுக்காது. ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போட்டிருப்பதும், கருவியைத் தரையில் வைத்துப் பின்கைப்பிடிக்குள் காலை ஊன்றிக் கயிற்றை இழுப்பதும் முறை. கையில் தொங்கவிட்டுக்கொண்டே இழுக்கும் பழக்கம் ஊரெங்கும் காணப்படுகிறது. அதைக் கைவிட வேண்டும்.

உடையைப் பற்றிச் சொல்வதில் தயக்கம் கூடாது. கைலி, செருப்பு, தோளில் தொங்கும் துண்டு ஆகிய மூன்றும் இந்த வேலைக்கு ஆகாதவை. காயம் அதிகம் படும் இடங்களில் இடது காலின் முன்பகுதி முக்கியமானது. செயின்சா கால்சட்டையில் நீண்ட நார்கள் பல அடுக்குகளாக இருக்கும். சங்கிலி பட்டதும் அவை உருவி வந்து பல்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்தும். பெட்ரோல் கருவிகளுக்கான இந்தத் துணியை மின்சார ரம்பத்தில் அதே அளவு நம்ப முடியாது. மோட்டாரின் முறுக்குவிசை அதிகம். தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பான், இரும்பு முனையுள்ள பூட்ஸ் ஆகியவையும் தேவை. எஞ்சின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. அதிர்வில் ஆண்டுக்கணக்காகக் கை பட்டால் விரல்கள் வெளிறி மரத்துப்போகும்.

நிற்கும் மரத்தை வீழ்த்த, விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் சுமார் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவத் துண்டு எடுக்கப்படும். எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே அறுத்து, நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுவைப்பார்கள். அறுபடாத அந்தப் பகுதிதான் மரம் விழும் திசையை நெறிப்படுத்துகிறது. அதை முழுவதும் அறுத்துவிட்டால் மரம் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. விலகி ஓடும் வழியை, பின்னால் 45 பாகைக் கோணத்தில், முன்கூட்டியே துப்புரவாக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும்.

புயலில் சாய்ந்த மரம் இதைவிட ஆபத்தானது. 2016 டிசம்பர் 12இல் சென்னையை வர்தா புயல் தாக்கியபோதும், 2018 நவம்பர் 16இல் காவிரி டெல்டாவைக் கஜா புயல் தாக்கி லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோதும், அறுத்து அகற்றும் வேலை நாள்கணக்கில் நீண்டது. சாய்ந்த மரம் வில்லைப் போல விசையைச் சேர்த்து வைத்திருக்கும். வளைவின் உட்பக்கம் நசுங்கியும் வெளிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். முதலில் உட்பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, பிறகு வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல அறுக்க வேண்டும். முதலிலேயே இழுபட்ட பக்கத்தில் ஆழமாக அறுத்தால் மரம் பிளந்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும், மண்ணோடு நிற்கும் வேர்த்தட்டு திரும்பிக் குழிக்குள் விழக்கூடும். வேர்க்குழியில் ஒருவரும், குறிப்பாகக் குழந்தைகள், இருக்கக் கூடாது. மின்கம்பி கிடந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதிசெய்யாமல் அருகே போகக் கூடாது. சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். பல் அதில் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கலாம்.

மழுங்கிய சங்கிலி ஆளை அழுத்த வைக்கும். அழுத்தினால் பிடி தளரும். கூரிய சங்கிலி சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவாகத் தள்ளும். மாவு கண்டதும் எஞ்சினை நிறுத்தி உருண்டை அரம் எடுக்க வேண்டும். எரிபொருள் நிரப்பும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளிச் சென்று ஸ்டார்ட் செய்வது நல்லது.

தனியாக யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. காயம்பட்டால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு நிற்காவிட்டால் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.