தோலில் ஏறிய தண்ணீர்

தமிழ்நாட்டு நிலவியலைப் பள்ளிக்கூடத்தில் கடற்கரையிலிருந்து தொடங்குவார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமான கரை, காவிரி, தஞ்சை நெற்களஞ்சியம் என்று பாடம் போகும். அயோத்தியாப்பட்டணத்துக்காரர்களுக்குக் கடலும் தூரம், காவிரியும் எட்டாது. ஒருபக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் ஜருகுமலை. 1934-இல் திறந்த மேட்டூர் அணை எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் தண்ணீரில் பெரும்பகுதி டெல்டாவுக்குப் போகிறது. எங்கள் மேட்டுக்காடு மழையையும் கிணற்றையும் நம்பியே விளைந்தது.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது எப்படி? 'கிணற்றுப் பாசனம்' என்று இரண்டே சொல்லில் பாடப்புத்தகம் முடித்துக்கொள்கிறது. கவலை ஓட்டுகிற காலத்தில் இரும்புச் சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல்வால் இருக்கும். மாடுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு சாலை மேலே இழுக்கும். வாலை ஒரு சிறுகயிறு மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் வால் நீண்டு தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். வாலில் தையல் விட்டுப்போனால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

அந்த வாலைத் தைத்தவர்கள் அருந்ததியர். செத்த மாட்டைத் தூக்கி வந்து, உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தித் தைத்தார்கள். அறுவடைக்குப் பிறகு களத்தில் அளந்து போடுகிற தானியம்தான் கூலி.

எங்க தாத்தா சொல்வார்: "நான் தைச்ச தோலு தெனமும் நூறு தடவ கெணத்துக்குள்ள எறங்கி ஏறும். அந்தத் தண்ணிய அவுங்களும் குடிப்பாங்க. நான் எறங்குனா மட்டும் கெணறு தீட்டாயிரும். தாகமெடுத்தா தள்ளி நின்னு கையேந்தணும்."

தோலுக்கு இல்லாத தீட்டு தைத்தவனுக்கு எப்படி வந்தது? வெள்ளாமைக்குத் தேவைப்பட்டபோது சாதி வளைந்து கொடுத்தது. தண்ணீரில் பங்கு என்று வந்தபோது இறுகிக்கொண்டது.

1937-இல் மேட்டூர் மின்நிலையம் வந்தது. பிறகு ஊர் ஊராகக் கம்பி நட்டார்கள், பம்புசெட் வந்தது, கவலை நின்றது. தோல்வாலோடு களத்துத் தானியமும் நின்றது. 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். விவசாயிக்குக் கிடைத்ததை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கிணறு இருப்பவருக்குத்தான் அந்த மின்சாரம், பட்டா இருப்பவருக்குத்தான் கிணறு. பட்டா இல்லாத எங்கள் சனம் மரவள்ளிக்காட்டுக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் கூலியாகப் போனது. மிச்சப்பேர் கையில் நகரம் துடைப்பத்தைக் கொடுத்தது.

நிலம் தருகிறோம் என்ற வாக்கு பழையது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் வெள்ளைக்கார அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்தப் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. மீட்கப் போராடியபோது, 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

மானாவாரித் தரிசை மட்டும் கொடுத்துவிட்டு, பிழைத்துக்கொள் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பிழைக்க முடியாது. நிலம் கேட்கும்போது கிணற்றையும் மின் இணைப்பையும் சேர்த்தே கேட்கவேண்டும். இந்த மேட்டுக்காட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கிறோம். இதில் சலுகை எங்கே வந்தது?